புத்தாண்டுக் குறிப்பேடும் வாசிப்பும்: அலங்காரம் அவசியமா?

தலவாக்கலை வாசகி:
டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் வாசிகசாலையில் பெண்பிள்ளைகள் சிலர் கூடி, வரும் ஆண்டுக்கான பிளேனர்களை, அதாவது நாட்களைத் திட்டமிட்டு எழுதும் குறிப்பேடுகளை, கையாலேயே தயாரிக்கவிருக்கிறோம். மாதப் பக்கங்களுக்குக் கோடு போட்டு, ஓரங்களுக்கு வண்ணம் தீட்டி, படிக்க நினைக்கும் நூல்களுக்கென்று, எண்ணிக்கை இலக்குக்கான கட்டங்களோடு, சில பக்கங்களை ஒதுக்குவதாக எண்ணம். அறிவித்த அன்றே, இதனால் வாசிப்பு வளராது, கடைக்காரருக்குத்தான் ஆதாயம் என்று சிலர் கூறினார்கள். அவர்கள் தங்கள் காரணத்தை இங்கே விளக்கமாக எழுதினால் நன்று.

பதுளை ஆசிரியர்:
அப்படிக் கூறியவர்களில் நானும் ஒருவன். நீங்கள் கூடுவதை நான் எதிர்க்கவில்லை. எழுத்துக்கு முன்னால் அலங்காரத்தை வைப்பதையே எதிர்க்கிறேன். இன்று பலரும் பின்பற்றும் புல்லட் ஜேர்னல் என்ற குறிப்பேட்டு முறையை ரைடர் கரோல் என்பவர் 2013இல் வெளியிட்டபோது, அதில் பூவேலை எதுவும் இருக்கவில்லை. செய்யவேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி, நிகழ்வுக்கு ஒரு வட்டம், குறிப்புக்கு ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். மாத முடிவில் எஞ்சிய வேலைகளை அடுத்த மாதப் பக்கத்தில் கையால் மறுபடியும் எழுதவேண்டும் என்பதே அம்முறையின் உயிர்நாடி; ஏனெனில், மீண்டும் எழுதும் சிரமத்துக்குக்கூடத் தகுதியற்ற வேலை எது என்பது அப்போதுதான் புலப்படும். இணையத்தில் பகிரப்படும் பல பக்கங்களில் அந்தப் புள்ளிகளைத் தேடவேண்டியிருக்கிறது.

மேலும், எழுதத் தொடங்குவதற்கு ஜனவரி முதலாந் திகதி எதற்கு? ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் தம் நாட்குறிப்பைத் தொடங்கியது 1736 செப்டெம்பரில். 1761 வரை நீண்ட அந்தக் குறிப்புகளை, அவர் கண்டதும் கேட்டதும் அதில் இருப்பதால்தான் இன்றும் படிக்கிறோம். இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய வருமானத்தில் வளரும் பிள்ளையின் மனதில், ஸ்டிக்கர் தாள் வாங்கினால்தான் ஆண்டு நல்லபடியாகத் தொடங்கும் என்ற எண்ணத்தை நாம் விதைக்கக்கூடாது.

தலவாக்கலை வாசகி:
ஐயா, விலையைப் பற்றி நீங்கள் கூறுவது முற்றிலும் சரி. அதனால்தான் நாங்கள் எடுப்பது பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் சாதாரண சீ.ஆர். கொப்பி. அட்டையில் ஒட்டுவது தேயிலைப் பெட்டியிலிருந்து வெட்டிய சிங்கமுத்திரை. பசை, கோதுமை மாவைக் காய்ச்சியது. இங்குள்ள ஈரத்தில் தாள் நெளிந்து மை ஊறிவிடுவதால், போல்பொயின்ட் பேனையும் கலர் பென்சிலும் தவிர வேறெதுவும் சரிவராது. வாசிப்புப் பக்கத்தில் நான்கு நிரல்கள் இருக்கும்: திகதி, நூலின் பெயர், எந்தப் பக்கம் வரை, மனதில் நின்றது என்ன. நான்காவது நிரல்தான் அகலமானது. நாள் முழுவதும் வீட்டுவேலையும் பாடமுமாகக் களைத்த பிள்ளை, தான் தீட்டிய பக்கத்தைப் பார்ப்பதற்காகவேனும் கொப்பியைத் திறக்கிறாள். திறந்தபின் ஒரு வரியாவது எழுதுகிறாள்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் பாட்டிமாரும் அம்மாமாரும் வேலைசெய்த நாட்களெல்லாம் செக்ரோல் என்ற தோட்டத்து வேலைநாள் பதிவேட்டில்தான் பதிவாகின. இன்று முழுப் பேரா (முழுநாள் சம்பளமா), அரைப் பேரா (அரைநாள் சம்பளமா), எத்தனை கிலோ கொழுந்து என்பதையெல்லாம் வேறொருவரே எழுதினார். அவர்களின் பேத்தி தன் நாளைத் தன் கையால் எழுதும்போது, அந்தப் பக்கம் அழகாக இருக்கவேண்டும் என்று விரும்புவதை வீண்செலவின் கணக்கில் சேர்க்க என்னால் முடியவில்லை.

ஹட்டன் வாசகர்:
நான் ஆசிரியர் பக்கம்தான்; ஆனால் என் கவலை வேறு. ஆண்டுக்கு 50 நூல்கள் என்று இலக்கு எழுதி, முடித்த நூலுக்கு ஒரு கட்டம் வீதம் வண்ணம் தீட்டத் தொடங்கினால், பிள்ளைகள் மெல்லிய நூல்களாகப் பார்த்து எடுக்கிறார்கள். பெப்ரவரியில் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தால் கொப்பியையே மூடிவிடுகிறார்கள். தவிரவும், நாட்குறிப்பு அந்தரங்கமானது. குடும்பம் முழுவதும் ஓர் அறையில் வாழும் தோட்டத்து லயன் வீட்டில் அதை எங்கே வைப்பது?

பண்டாரவளை அக்கா:
தம்பி, லயனில் ஒளித்துவைக்க இடமில்லை என்பதாலேயே வாசிப்புக் குறிப்பேடு அங்கே பொருத்தமானது என்பேன். வீட்டார் எடுத்துப் பார்த்தாலும் கூச்சப்பட அதில் எதுவும் இல்லை. அண்ணன் எடுத்துப் புரட்டிவிட்டு அந்த நூலை இரவல் கேட்டால் இன்னும் நல்லது. விடுபட்ட நாட்களுக்காகக் கொப்பியை மூடவும் வேண்டியதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செயல் பழக்கமாகப் படிவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆகின்றன. ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபடுகிறது. இடையில் ஒரு நாள் தவறுவதால் பெரிய பாதிப்பு ஏற்படுவதில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே சொல்லிவிடவேண்டும். எண்ணிக்கை இலக்கைப் பற்றித் தம்பி கூறியதை நானும் ஏற்கிறேன், அதை நீக்கிவிடுங்கள்.

தலவாக்கலை வாசகி:
நீக்கிவிடுகிறோம், அக்கா. கட்டங்களுக்குப் பதிலாக நூலின் பெயரை மட்டும் எழுதுவோம். கூட்டத்தின் ஒழுங்கையும் மாற்றுகிறேன்: முதலில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கவேண்டும், கோடு போடுவதும் வண்ணம் தீட்டுவதும் அதன் பிறகுதான். வண்ணத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பதுளை ஆசிரியர்:
வண்ணத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை, தங்கச்சி. அலங்காரத்தில் ஏற்படும் ஊக்கம் தைப்பொங்கலைத் தாண்டுமா என்பது எனக்கு ஐயமே. ஆனால் வாசிப்பு முதலில் என்ற ஒழுங்கை நீங்கள் ஏற்றபின், நூல் இல்லாமல் பிள்ளைகள் தவிக்கக்கூடாது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் மலையக எழுத்தாளர்களின் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் பிள்ளைகளின் வயதைத் தெரிவித்தால், அவர்களுக்கு ஏற்றவற்றைத் தெரிந்து, கையடக்கத் தொலைபேசியில் படிக்கக்கூடியவாறு தரவிறக்கி, கூட்டத்துக்கு முன்பே அனுப்பிவைக்கிறேன்.