கருப்பைப் பரிசோதனைக்கு வி.ஆர். கண்ணாடி: போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

மலைக்காபி
எனக்கு வயது 47. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. ஏழு மாதமாக மாதவிலக்கு பத்துப் பன்னிரண்டு நாள் நிற்காமல் போகிறது. கருப்பையின் உள்சவ்வு தடித்திருப்பதாக ஸ்கேனில் வந்தது. மெல்லிய கேமராக் குழாயைக் கருப்பைக்குள் விட்டுப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோபி செய்து, சிறிது திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் சேலத்து டாக்டரம்மா. மயக்க மருந்து கிடையாது. காலையில் போய் மதியம் திரும்பிவிடலாமாம். பயமாக இருந்தால், கண்ணை முழுதும் மறைத்து வேறோர் இடத்தில் இருப்பதுபோல் காட்சி காட்டும் வி.ஆர். கண்ணாடி மாட்டிவிடுவார்களாம்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் காப்பர்-டி வைத்தபோது வலி தாங்காமல் கத்திவிட்டேன். "இரண்டு பிள்ளை பெற்றவள்தானே, இதற்கென்ன கூச்சல்?" என்றார்கள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் கேட்கிறேன்: இந்தக் கண்ணாடி வலியைக் குறைக்கவா, நம் வாயை அடைக்கவா? இன்னொன்று, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இறங்குகிறவள் நான். காட்சி அசைந்தால் குமட்டுமா?

அஸ்தம்பட்டி நர்ஸ்
அக்கா, அன்று உங்களை அப்படிப் பேசியது தவறு. பிள்ளை பெற்றவளுக்கும் வலி வலிதான்.

கவனம் முழுதும் வேறிடத்தில் சிக்கிக்கொண்டால் வலியை மூளை உணர்வது குறைகிறது. சியாட்டில் நகரில் தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது இதை 1990களிலேயே செய்து பார்க்கத் தொடங்கினார்கள். பனிப்பந்து எறியும் விளையாட்டு ஒன்றை அதற்கென்றே பிறகு உருவாக்கினார்கள். ஆனால் ஹிஸ்டெரோஸ்கோபியில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் வலியும் பதற்றமும் குறைந்தன, சிலவற்றில் பெரிய மாற்றம் இல்லை.

ஆகவே கண்ணாடியை மருந்துக்குப் பதிலாக ஏற்காதீர்கள். ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை உண்டா என்று கேளுங்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகத் தொல்லை இருந்தால் முதலில் சொல்லிவிடுங்கள். மரத்துப்போகும் ஊசி போடுவார்களா, பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் வைக்காமலே மெல்லிய கருவியை நுழைப்பார்களா என்றும் கேட்கலாம். உப்புநீர் விட்டுக் கருப்பையை விரிக்கும்போது மாதவிலக்கு வலிபோல் இழுக்கும். திசு எடுக்கும் நொடியில் கூடுதலாக வலிக்கும்.

குமட்டல் சிலருக்கு வரும். ஓரிடத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோன்ற காட்சியாகக் கேளுங்கள், பறப்பதும் ஓடுவதும் வேண்டாம். வலிப்பு நோய் இருந்தால் கண்ணாடியே வேண்டாம். கை தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை சுந்தரி
நான் இரண்டே நிமிடத்தில் கழற்றிவிட்டேன். என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் படுத்திருப்பதுதான் எனக்குப் பெரிய பயம். திரையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, "இது கருப்பை வாய், இதோ உள்ளே வந்துவிட்டோம்" என்று டாக்டர் சொல்லச் சொல்ல மனம் அடங்கியது. ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போட்டே ஆக வேண்டும் என்றில்லை, அக்கா.

மலைக்காபி
நேற்று முடிந்தது. மாத்திரை கொடுத்தார்கள், கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். உள்ளே ஏதோ பைன் காடு. நம் சில்வர் ஓக்கும் மிளகுக்கொடியும் இல்லையே என்று முதலில் மனம் ஒட்டவில்லை. மரங்களுக்குள் ஒளிந்திருக்கும் பறவைகளை எண்ணச் சொன்னார்கள். ஒன்பது வரை எண்ணினேன். அதுவரை இழுப்பு எங்கோ தொலைவில் இருந்தது. திசு எடுத்தபோது காடும் இல்லை, பறவையும் இல்லை, வலி மட்டும்தான். கையைத் தூக்கினேன். நிறுத்தினார்கள், தங்கச்சி. நான் மூச்சு வாங்கி, "சரி" என்று சொன்ன பிறகுதான் தொடர்ந்தார்கள். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது, வலியால் அல்ல.

குமட்டவில்லை. முடிவு அடுத்த வாரம் வரும். போகிறவர்கள் கொண்டை போடாமல் பின்னிக்கொண்டு போங்கள். கண்ணாடியின் பட்டை பின்னந்தலையில் அழுத்துகிறது.