பிளேபேக்: 'வாசிப்பு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து

வணக்கம் நண்பர்களே,

இசைக்குறியீட்டு மென்பொருளைத் தமிழாக்கத் தொடங்கியதும் நான் முதலில் தடுக்கி விழுந்த சொல் பிளேபேக்தான், அதாவது எழுதிவைத்த இசையை மென்பொருளே ஒலித்துக் காட்டும் வசதி. இந்த இழையில் வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறியீட்டு மென்பொருளின் திரையில் பொருத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

> பின்னணிப் பாடகர் என்கிறோமே, 'பின்னணி இயக்கம்' என்று வைத்தால் போதாதா?

அந்தப் பின்னணி சினிமாவுக்கு உரியது. நடிகர் வாயசைக்க, இன்னொருவர் குரல் கொடுக்கிறார். இங்கே அப்படி முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று யாரும் இல்லை. தவிர, ஒரு செயலி 'பின்னணியில் இயங்குகிறது' என்றால் கண்ணில் படாமல் ஓடுகிறது என்றுதான் இன்று எல்லோரும் புரிந்துகொள்வார்கள். இதை விட்டுவிடலாம்.

> 'மீளொலிப்பு' பொருத்தமாக இருக்கும்.

பாட்டுக் கேட்கும் செயலிக்குச் சரி. ஒருமுறை பதிந்த ஒலி அங்கே மீண்டும் வருகிறது. ஆனால் ஐந்து கோடுகளில் நான் புள்ளி புள்ளியாக எழுதிவைத்த பாட்டை இதுவரை யாரும் வாசித்ததே இல்லை. பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் ஒவ்வொரு குறியையும் பார்க்கிறது. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்தக் கருவி என்று கணக்கிட்டு, 'இதைத் தொடங்கு, இதை நிறுத்து' என்று மிடி (கணினியும் மின்னிசைக் கருவிகளும் பேசிக்கொள்ளும் பொது முறை) கட்டளைகளாக அனுப்புகிறது. ஒலி அப்போதுதான் முதன்முதலாகப் பிறக்கிறது. இதில் 'மீள்' எங்கே வந்தது?

நடப்பதை அப்படியே சொன்னால், மென்பொருள் ஏட்டைப் படிக்கிறது, படித்தபடியே கருவியை இசைக்கிறது. இந்த இரண்டுக்கும் தமிழில் ஒரே வினை இருக்கிறது. புத்தகம் வாசிக்கிறோம், வீணையும் வாசிக்கிறோம். மீட்டுவது, ஊதுவது, முழக்குவது என்று கருவிக்குக் கருவி வினை மாறினாலும் வீணை, குழல், மிருதங்கம் எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்பது வாசிப்புதான். பொத்தானில் 'வாசி', பட்டியலில் 'வாசிப்பு'. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் சொல் கையிலேயே இருக்கும்போது புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டுமா?

இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால் அடுத்த சிக்கலும் பாதி தீர்ந்துவிடும். மென்பொருளின் இசை எந்திரத்தனமாக இருக்கிறது என்று பலர் குறைப்படுகிறோம். அதுவும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறது. கால் சுரம் (குவார்ட்டர் நோட்) என்றால் எல்லாக் கால் சுரமும் இம்மி பிசகாமல் ஒரே நீளம், ஒரே வலு. வரி எங்கே முடிகிறது, எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. இதைச் சீர்செய்யும் வசதி மற்ற இசைக்குறியீட்டு மென்பொருள்களிலும் உண்டு. ஃபினாலேயில் அதற்கு ஹியூமன் பிளேபேக் என்று பெயர். சிபேலியஸில் எஸ்பிரெசிவோ என்றொரு அமைப்பு உண்டு. லில்லிபாண்டில் ஆர்ட்டிகுலேட் என்ற துணைநிரலைச் சேர்க்க வேண்டும். இவற்றை 'மனித வாசிப்பு' என்று மொழிபெயர்த்தால் ஒட்டவில்லை. 'வாசிப்பு நயம்' என்று சொல்லிப் பாருங்கள், அது என்ன செய்யும் என்பது விளங்கிவிடுகிறது.

இனி வெலாசிட்டி, அதாவது ஒரு சுரம் எவ்வளவு வலுவாக ஒலிக்க வேண்டும் என்று மிடியில் குறிக்கும் எண். இதில்தான் எனக்கு உண்மையான கவலை. தமிழ்நாட்டுப் பாடநூலைப் பார்த்து யாரோ 'திசைவேகம்' என்று போட்டிருக்கிறார்கள். இங்கே திசையே கிடையாது. இலங்கை நண்பர் சொன்னதுபோல் அங்கே வெலாசிட்டி வேகம், ஸ்பீடு கதி. நம் இசையிலோ கதி என்றால் தாளத்தின் நடை. வேகம் என்றால் எல்லோரும் டெம்போவை, அதாவது பாட்டின் ஓட்ட வேகத்தைத்தான் நினைப்பார்கள்.

மின்னிசை விசைப்பலகையில் அது உண்மையில் வேகம்தான். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இரண்டு தொடுமுனைகள் இருக்கும். முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடைப்பட்ட நேரம் குறையக் குறைய எண் கூடும், 127 வரை. அதனால் 'தட்டுவேகம்' என்று வைக்கலாமா என்று முதலில் நினைத்தேன். ஆனால் தாளத்தைத் தட்டிக்காட்டி டெம்போ அமைக்கும் வசதியும் இதே மாதிரி மென்பொருள்களில் இருப்பதால் கட்டாயம் குழப்பம் வரும். 'அழுத்தம்' என்றால், கட்டை இறங்கிய பிறகும் அழுத்துவதற்கென்று மிடியில் தனிக் கட்டளை இருக்கிறது. அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைக்க வேண்டும்.

குறியீட்டு மென்பொருளில் கட்டையே இல்லாத குழலுக்கும் வயலினுக்கும் இதே எண்தான். மியூஸ்ஸ்கோர் 3-இல் மென்மைக் குறிக்கு 49, நடுத்தரத்துக்கு 80, வலுவான குறிக்கு 96. எனவே 'சுரவன்மை' என்று முன்மொழிகிறேன். 'ஒலியளவு' ஆகாது, அது வேறு கட்டுப்பாடு. தரமான ஒலித்தொகுப்பில் வன்மை கூடும்போது சத்தம் மட்டும் கூடுவதில்லை, நாதமே மாறும். மெதுவாகத் தொட்ட பியானோவும் ஓங்கி அடித்த பியானோவும் வெவ்வேறு பதிவுகள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுரவன்மை சுரம் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் போகும். நான்கு அட்சரம் நீளும் வயலின் சுரம் நடுவில் வளர வேண்டுமென்றால் அதனால் முடியாது. அதற்கு எண் 11 கட்டுப்பாடு தொடர்ந்து போக வேண்டும், ஆங்கிலத்தில் எக்ஸ்பிரெஷன். பலர் வன்மையை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு மென்பொருளைக் குறைசொல்வது இதனால்தான். இந்தக் கட்டுப்பாட்டுக்கு 'வளர்தேய்வு' என்பது என் தற்காலிகச் சொல். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

> பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானோடு 'வாசி' மோதாதா?

இந்த ஆட்சேபம் நியாயமானது. திரைவாசிப்பான் சுரத்தின் பெயர், நீளம், எந்த அளவை (பார்) என்று எல்லாவற்றையும் பேசிக்காட்டும். 'வாசி' என்று கேட்டால் பெயரைச் சொல்லப்போகிறதா, இசைக்கப்போகிறதா என்ற ஐயம் வரலாம். ஆகவே பொத்தானில் 'வாசித்துக் காட்டு' என்றே வைத்துவிடலாம். பாட்டு வகுப்பில் குருவிடம் கேட்பதும் அப்படித்தானே, 'ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்' என்று. எழுத்தைப் படிக்கும் இடங்களில் எல்லாம் 'படி' என்ற வினையையே பயன்படுத்துவோம்.

குழுவில் திரைவாசிப்பானோடு இசை எழுதுபவர்கள் இருந்தால் இதைச் செவியால் சோதித்துச் சொல்லுங்கள். அவர்கள் பதில் வரும்வரை அந்தப் பொத்தானை மட்டும் நான் தொடப்போவதில்லை. சுரவன்மைக்கு மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், அப்புறம் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்