புதுப்பிப்பு: எலக்ட்ரோஸ்பின்னிங்கில் மணிமணியாக வந்த பிசிஎல் இழை, இப்போது சரி

போன மாதம் கேட்டிருந்தேன்: பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமரை (பிசிஎல், மூலக்கூறு எடை 80,000) குளோரோஃபார்மில் 8% கரைத்து எலக்ட்ரோஸ்பின்னிங்கில், அதாவது உயர் மின்னழுத்தம் கொடுத்து ஊசி முனையிலிருந்து மெல்லிய இழையாக இழுத்தால், நுண்நோக்கியில் இழைக்குப் பதில் கோத்த பாசிமணி மாதிரி தெரிகிறதே என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வோல்டேஜை 15லிருந்து 20 கிலோவோல்ட்டுக்கு ஏற்றினேன். மணி போகவில்லை, ஊசி முனையில் ஜெட்தான் (பீறிடும் கரைசல் தாரை) தறிகெட்டு ஆடியது. கைகொடுத்தது, கரைசலைக் கெட்டியாக்கி மெத்தனாலும் சேர்க்கச் சொன்ன யோசனை. 12%, குளோரோஃபார்ம்–மெத்தனால் 3:1, ஒரு மணி நேரத்துக்கு 1 மி.லி. வேகம், பழைய 15 கிலோவோல்ட், ஊசிக்கும் இழை படியும் இடத்துக்கும் 15 செ.மீ. தூரம். கெட்டியான கரைசல் துளியாக உடைவதில்லை. மெத்தனால் கடத்துதிறனைக் கூட்டுவதால் ஜெட் நன்றாக நீள்கிறது. பார்த்த இடத்தில் எல்லாம் வழவழ இழை. ஊசி அடைப்பது மட்டும் தீரவில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைக்கிறேன். சலிப்பான வேலை.

எதிர்பாராதது ஒன்று. செல் விதைக்கப் போனால் ஸ்கேஃபோல்டு (செல் வளர்வதற்கான இந்த இழை விரிப்பு) மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) அப்பளம் போல மிதந்தது! பிசிஎல்லில் தண்ணீர் ஒட்டாது என்பதை மறந்துவிட்டேன். 70% எத்தனாலில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, இடையில் காயவிடாமல் பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) மூன்று முறை அலசினேன். அடியில் போய் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் ஃபைப்ரோபிளாஸ்டுகள் (நான் விதைத்த இணைப்புத் திசு செல்கள்) இழை நெடுகப் பரவியிருந்தன.