வெள்ளைக் குங்கிலியம்: 200 விதையில் ஒன்றுகூட முளைக்கவில்லை

ஹெப்பால்_நாற்றங்கால்:
வணக்கம். பெங்களூருவில் எங்கள் கல்லூரித் தாவரத் தோட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய மரங்களுக்கென ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறோம். ஜூனில் வனத்துறை அனுமதியோடு குடகுப் பக்கமிருந்து வெள்ளைக் குங்கிலியம் (வடேரியா இண்டிகா) 200 விதை வந்தது. நிழலில் 10 நாள் உலர்த்தி, ஃபிரிட்ஜில் வைத்து, ஆகஸ்டில் விதைத்தோம். வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுத்துக் கிடக்கிறது. எங்கே தப்பு?

விதைக்காவல்:
உலர்த்தியதுதான் தப்பு. செம்மர விதையைக் காயவைத்து மாதக்கணக்கில் வைக்கலாம். இதுவோ மழையோடு விழுந்து உடனே முளைக்கிற விதை. ஈரம் குறைந்தால் கரு செத்துவிடும்; அப்புறம் எவ்வளவு ஊறவைத்தாலும் பயனில்லை. ஃபிரிட்ஜ் குளிரும் ஆகாது.

அடுத்த முறை புதிதாக விழுந்ததை மட்டும் எடுங்கள். வண்டு துளைத்ததை அங்கேயே கழித்துவிடுங்கள். தென்னைநார்த் தூளை நனைத்து, தண்ணீர் சொட்டாத அளவு பிழிந்து, விதையோடு கலந்து ஓட்டை போட்ட பையில் கொண்டுவாருங்கள். இறுக்கிக் கட்டினால் விதை சுவாசிக்கிற சூட்டிலேயே பூஞ்சை பிடிக்கும். வந்த அன்றே விதைப்பு. வழியில் வேர் விட்டிருந்தால் முனை ஒடியக் கூடாது. விதைக்கிற நாற்றுப் பை 25 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆணிவேர் அடியில் சுருளும். தாய்மரத்தடி மண்ணில் ஒரு கைப்பிடி சேருங்கள், வேரோடு கூடி வாழும் பூஞ்சை அதில்தான் வரும். அதற்கும் அனுமதிக் கடிதத்தில் இடம் வேண்டும். நம்மூர் போர்வெல் தண்ணீர் கடினமானது, இலை மஞ்சளிக்கும். மழைநீர் பிடித்து ஊற்றுங்கள்.

பதிவேடு:
எத்தனை தாய்மரம்?

ஹெப்பால்_நாற்றங்கால்:
ஒன்றுதான். அதன் அடியில் அள்ளியது.

பதிவேடு:
அப்படியானால் முளைத்திருந்தாலும் 200-ம் ஒரே தாய்ப் பிள்ளைகள். காட்சிக்கு வைக்கலாம், காட்டுக்குத் திருப்பி நட உதவாது. முடிந்தால் 50 தாய்மரம், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவை. மொத்த விளைச்சலில் 10 சதவீதத்துக்கு மேல் எடுக்காதீர்கள், மீதி அந்தக் காட்டுக்கு.

ஒவ்வொரு தாய்மரத்துக்கும் தனிப் பதிவு எண். இடம், உயரம், தேதி, அனுமதி எண் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். பையில் எண் அடித்த அலுமினியத் தகடு; மார்க்கர் எழுத்து ஒரு வெயிலுக்குத் தாங்காது. தகடு தொலைந்த கன்று எந்தக் காட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது, தோட்டங்களில் சேகரிப்பு வீணாவது பெரும்பாலும் இப்படித்தான்.

விதைக்காவல்:
இன்னொன்று. இந்த விதையை -20 டிகிரி விதை வங்கியில் வைக்க முடியாது, நிற்கிற மரம்தான் சேமிப்பு. ஒவ்வொரு தாயின் கன்றிலும் பாதியை மழை அதிகமுள்ள வேறொரு தோட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள். பெங்களூருவின் பிப்ரவரி–ஏப்ரல் வறட்சியில் முதல் இரண்டு வருஷக் கன்றுகளை நிழல்வலைக்கு வெளியே கொண்டுவர வேண்டாம்.