பதினேழு வயது மகனின் பைக் பந்தயம்: வெளிநாட்டில் இருக்கும் தகப்பன் என்ன செய்யலாம்?

கேள்வி: ஷார்ஜாவாசி

நான் கீழக்கரையைச் சேர்ந்தவன். ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்குப் பதினேழு வயது ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவனும் அவன் கூட்டாளிகளும் ஏர்வாடியைத் தாண்டி, சாயல்குடிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் பந்தயம் விடுகிறார்கள் என்று ஊர்க்காரர் ஒருவர் காணொளியோடு தெரிவித்தார். அவன் ஓட்டுவது என் மைத்துனரின் வண்டி. அவரிடம் கேட்டால், "வயசுப் பிள்ளை மச்சான், நாமும் ஓட்டாததா?" என்று சிரிக்கிறார். இதற்கிடையில், தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் 200 சிசி வண்டி வாங்கித் தர வேண்டும் என்று மகன் தன் தாயாரிடம் வாக்குப் பெற்றிருக்கிறான். ஏதேனும் நடந்தால் சட்டப்படி யார் பொறுப்பு என்பதையும், தொலைவில் இருந்துகொண்டு அவனை எப்படி நிறுத்துவது என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர்

முதலில் உங்கள் மைத்துனரை எச்சரியுங்கள், ஏனென்றால் சட்டம் அவரைத்தான் முதலில் தேடி வரும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் வாகனக் குற்றம் செய்தால், அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தண்டனை மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஆகும். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். பையனுக்கு இருபத்தைந்து வயது ஆகும்வரை உரிமம் கிடைக்காது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரியவரின் சம்மதத்தோடுதான் வண்டி ஓட்டப்பட்டது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அந்தப் பெரியவரின் வேலை. சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுப்பவர் அதை எப்படி நிரூபிப்பார்?

பொதுச்சாலையில் பந்தயம் விடுவது 189-ஆம் பிரிவின் கீழ்த் தனிக்குற்றம். முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. காப்பீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓட்டியவரிடம் உரிமம் இல்லாத விபத்தில், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிப்பது உண்டு. ஒரு குடும்பத்தின் வீடும் நிலமும் அதில் கரைந்துபோகலாம்.

பதினாறு வயதில் உரிமம் பெறலாமே என்று உங்கள் வீட்டில் சொல்லக்கூடும். அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். இன்று கடையில் விற்கும் 110, 125 சிசி ஸ்கூட்டர்கள் அதில் அடங்கா.

பதில்: மண்டபம் மீன்வண்டி

நான் மண்டபத்திலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் ஓட்டுநர். பந்தயம் விடும் பிள்ளைகள் விடியற்காலையில் சாலை காலியாக இருப்பதாக எண்ணுகிறார்கள். எங்களுக்கோ அதுதான் வேலை நேரம். மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் நடந்தும் சைக்கிளிலும் வருவார்கள். ஐஸ் தண்ணீர் ஒழுகிய இடம் வழுக்கும். காற்று அடித்துக் கொண்டுவந்த மணல் தாரின் மேல் மெல்லிய படலமாகக் கிடக்கும், அது முகப்பு விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. இரு பக்கமும் சீமைக்கருவேலம் அடர்ந்திருப்பதால், உள்ளே நிற்கும் மாடோ ஆடோ சாலையில் கால் வைத்த பிறகுதான் கண்ணில் படும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகிறது. ஆளைப் பார்த்து, கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். அதற்குப் பிறகு நிற்பதற்கு ஆகும் தூரம், 50 கிலோமீட்டரில் ஆவதைப் போல நான்கு மடங்கு. இரட்டிப்பு வேகத்துக்கு இரட்டிப்புத் தூரம் என்றுதான் பிள்ளைகள் மனக்கணக்குப் போடுகிறார்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தையும் சொல்ல வேண்டும். ஆடிக்காற்றுக் காலத்தில் ஏற்றிய லாரியையே பக்கவாட்டுக் காற்று அசைத்துப் பார்க்கும். இலகுவான பைக்கை அது ஒரே தள்ளில் எதிர்ப்பாதைக்குக் கொண்டுபோய்விடும். கடலை வேடிக்கை பார்க்க நிறுத்திய கார்களும் ஓரத்தில் நிற்கும், ஒதுங்குவதற்கு இடமே இருக்காது. இதைச் சொன்னால், "நீங்கள் மெதுவாக ஓட்டுகிறவர்" என்பார்கள். ஆம், அதனால்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: வேகப்பிரியன்

ஆசையை அடக்கச் சொல்வதைவிட, அதற்கு உரிய இடத்தைக் காட்டலாம் அல்லவா? சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூர் செட்டிபாளையத்திலும் முறையான பந்தயத் தடங்கள் இருக்கின்றன.

பதில்: இராமநாதபுரம் ஆசிரியை

தடத்தைப் பற்றிச் சொன்னவரின் நோக்கம் நல்லதே. ஆயினும் கீழக்கரைப் பையனுக்கு அது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான தீர்வாகாது. உரிமம் பெற்ற பிறகும் ஆர்வம் நிலைத்திருந்தால் அழைத்துச் செல்லலாம்.

என் வகுப்பில் கண்டதைச் சொல்கிறேன். வேகம் ஆபத்தானது என்பது இந்தப் பையன்களுக்குத் தெரியும். தேர்வில் கேட்டால் அழகாக எழுதுவார்கள். ஆபத்தை எடைபோட்டுத் தன்னைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். தனியாக இருக்கும்போது நிதானமாக இருப்பவன்கூட, பின்னால் ஒரு கூட்டாளியும், எதிரே அவனைப் படம் பிடிக்கும் ஒரு கைப்பேசியும் வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுகிறான். ஆகவே அறிவுரையை நீட்டுவதைவிட, அந்தச் சூழல் அமையாமல் பார்த்துக்கொள்வதே பயன் தரும்: சாவி வீட்டுப் பெரியவர் கையில் இருக்கட்டும், விடியற்காலைப் பயணம் வேண்டாம், பின்னிருக்கையில் யாரையும் ஏற்ற வேண்டாம்.

பந்தயத்துக்கு வர மறுக்கும் பையனுக்கு, கூட்டாளிகளிடம் சொல்ல ஒரு காரணமும் தேவைப்படுகிறது. "வாப்பா வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டார்" என்று பழியை உங்கள் மேல் போட அவனை அனுமதியுங்கள்; அவன் மானம் காப்பாற்றப்படும். எந்த நேரத்திலும், எந்த இடத்திலிருந்தும் அழைத்தால், கேள்வி கேட்காமல் ஆட்டோ அனுப்பி வீட்டுக்குக் கூட்டிவருவோம் என்று தாயார் அவனிடம் உறுதி சொல்லட்டும். விசாரணையை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றப் பையன்களின் வீடுகளுக்கும் சேதி போக வேண்டும். ஒரே வீட்டில் மட்டும் பூட்டினால், உங்கள் மகன் அடுத்தவன் வண்டியின் பின்னால் ஏறிக்கொள்வான்.

ஷார்ஜாவாசி

199ஏ பிரிவைப் படித்துக் காட்டியதும் மைத்துனர் சாவியைத் தன் அறைக்கு மாற்றிவிட்டார், சிரிப்பும் நின்றுவிட்டது. மற்ற வீடுகளில் பேச அவரையே அனுப்பியிருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: பதினெட்டு முடிந்ததும் 200 சிசி வாங்கிக் கொடுத்தால் தவறா? தாயார் கொடுத்த வாக்கு நிற்கிறது.

ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர்

வாக்கு பைக்குக்குத்தான், எத்தனை சிசி என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். பதினெட்டு முடிந்ததும் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கட்டும். அது ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்து நிரந்தர உரிமத் தேர்வுக்குப் போகலாம். அவசரப்பட வேண்டாம், ஆறு மாதத்தையும் பயன்படுத்துங்கள். முதல் ஓராண்டு மைத்துனரின் வண்டியே போதும். பிறகு வாங்கும்போது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியாகப் பாருங்கள். 125 சிசிக்கு மேற்பட்டவற்றில் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். மணல் கிடக்கும் நம் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருப்பது பெரிய உதவி, ஆனால் அது நிற்கும் தூரத்தை மாயமாகக் குறைத்துவிடாது என்பதையும் பையனுக்குச் சொல்லுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள தலைக்கவசத்தை வண்டிக்கு முன்பே வாங்கிவிடுங்கள். தாடைப் பட்டையை மாட்டாமல் போட்டுக்கொள்வதற்கும் போடாமல் இருப்பதற்கும் அதிக வேறுபாடு இல்லை. சைலன்சரை மாற்ற மட்டும் பணம் அனுப்பாதீர்கள்.