லண்டன்–பாரிஸ்: விமானமா, ரயிலா?

மூட்டுவலியால் நெடுநேரம் நிற்க இயலாத என் தாயாரை மார்ச் மாதம் லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து பாரிஸ் லா சப்பலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எவ்வழி என்று முடிவு செய்ய முடியவில்லை. நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 344 கிலோமீட்டர்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதையும் சேர்த்தே விமான அட்டவணை சுமார் ஒன்றேகால் மணி நேரம் காட்டுகிறது. ஆனால் ஹீத்ரோ விமான நிலையம் எங்களுக்கு நகரின் மறுகோடி, இறங்கும் சார்ல் து கோல் விமான நிலையமோ பாரிசுக்கு வெளியே உள்ளது. லண்டன் செயிண்ட் பாங்ராஸ் நிலையத்திலிருந்து புறப்படும் ரயில் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டாலும், லா சப்பலுக்கு அருகே கார் து நோர் ரயில் நிலையத்தில் இறக்கிவிடுகிறது. பிரெஞ்சுக் குடிநுழைவுச் சோதனையும் லண்டனிலேயே முடிந்துவிடும். (பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியிருப்பதைக் கழித்தே கணக்கிட்டுள்ளேன்.) அட்டவணைகள், பயணச் செயலிகள், முகவர் என எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், வரிசையில் நிற்கும் நேரத்தை எவரும் சொல்லவில்லை. சக்கர நாற்காலி உதவியுடன் அண்மையில் சென்றவர்கள், எவ்வழியில் குறைவாக நிற்க நேர்ந்தது என்று கூற இயலுமா?