மேசைக்கால்னுதானே சொல்வீங்க?

ஆங்கிலத்தில் 'இன்னாருடைய', 'இன்னதன்' என்று சொல்லப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த விதி ஒரே வரி. ஆளுக்கு அப்பாஸ்ட்ரஃபி எஸ், பொருளுக்கு ஆஃப். "ராம்'ஸ் புக்", "தி ரூஃப் ஆஃப் தி ஹவுஸ்". இதை வைத்தே கல்லூரியும் முடித்துவிட்டேன்.

வேலைக்குப் போன பிறகுதான் அது போதாது என்று தெரிந்தது. மரச்சாமான் ஏற்றுமதி செய்யும் இடத்தில் ஆங்கிலக் குறிப்புகள் எழுதும் வேலை. "தி லெக்ஸ் ஆஃப் தி டேபிள்", "தி ஹேண்டில் ஆஃப் தி டிராயர்" என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். மேடம் எல்லா ஆஃபையும் அடித்துவிட்டு "டேபிள் லெக்ஸ்", "டிராயர் ஹேண்டில்" என்று திருத்தினார். எனக்கு மனசு ஆறவில்லை, நேரே போய்க் கேட்டேன். "தமிழ்ல நீங்க மேசையின் கால்னா சொல்வீங்க? மேசைக்கால்னுதானே?" என்றார்.

எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ஆறாம் வேற்றுமைத் தொகை அன்றைக்குத்தான் எனக்குப் பயன்பட்டது. உருபு மறைந்து நிற்கும், பொருள் மட்டும் வரும். வீட்டுக்கதவு, மேசைக்கால், தென்னை ஓலை என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். ஆங்கிலத்திலும் இந்த மூன்றாவது வழி இருக்கிறது என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் ஒட்டவைக்க முடியாது. "டீ கப்" காலியாகக்கூட இருக்கலாம், "கப் ஆஃப் டீ" என்றால் உள்ளே டீ இருந்தாக வேண்டும்.

ஆள், பொருள் என்ற பிரிவும் அவ்வளவு கறாரானது இல்லை. "டுடே'ஸ் பேப்பர்" என்பதில் ஆள் எங்கே? காலத்தைக் குறிக்கும் சொல்லுக்கு அப்பாஸ்ட்ரஃபிதான் இயல்பு. ராஜினாமா கடிதத்தில் "டூ மன்த்ஸ்' நோட்டீஸ்" என்று எழுதும்போது அந்தக் குறி எஸ்ஸுக்குப் பின்னால் போகும் என்பதையும் அப்போதுதான் கற்றேன். இதற்கு நேர்மாறாக, பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஆசிரியரின் மகளைச் சொல்ல "தி டாட்டர் ஆஃப் தி டீச்சர் ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர்" என்பதுதான் சுகமாக வரும். ஆசிரியர் ஆள்தான், ஆனால் அவரைப் பற்றிய விவரம் நீளும்போது ஆஃப் கைகொடுக்கிறது. தமிழில் எவ்வளவு நீண்டாலும் முன்னாலேயே அடுக்கிவிடுவோம், அந்தப் பழக்கம்தான் நம்மைத் தடுமாற வைக்கிறது என்று நினைக்கிறேன்.

என் மனசில் நிற்பது தாத்தாவின் ஆல்பம். அவர் ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். வெளிநாட்டில் பிறந்த சித்தப்பா பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் படங்களுக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் எடுத்த கொடைக்கானல் ஏரிப் படத்துக்கு "எ ஃபோட்டோ ஆஃப் மை கிராண்ட்ஃபாதர்" என்று போட்டிருந்தேன். சித்தப்பா மகள், "அண்ணா, இதுல தாத்தா எங்க நிக்கிறார்?" என்று ஃபோனில் கேட்டாள். பாவம், ரொம்ப நேரம் தேடியிருக்கிறாள்.

கடைசியில் ஒரு அப்பாஸ்ட்ரஃபி எஸ் சேர்த்து "எ ஃபோட்டோ ஆஃப் மை கிராண்ட்ஃபாதர்'ஸ்" என்று மாற்றினேன். இப்போது அது அவருடைய படம், அவரைக் காட்டும் படம் இல்லை. "மை கிராண்ட்ஃபாதர்'ஸ் ஃபோட்டோ" என்று போட்டால் நம் "தாத்தாவின் படம்" மாதிரி இரண்டு பக்கமும் பொருள் கொள்ளலாம். அந்த ஆல்பத்தில் தாத்தா டைமர் வைத்துத் தன்னையே எடுத்துக்கொண்ட படம் ஒன்று உண்டு. அதற்கு மட்டும் அப்படியே எழுதினேன்.